அடியைப் பார்க்காமல் வாத்து வாங்காதீர்கள்

பழைய மர வாத்து ஒன்று கையில் கிடைத்தால் முதலில் அதைத் தலைகீழாகப் புரட்டுங்கள். தலையின் வடிவம், கண், வண்ணம், இறகுக் கோடு எல்லாம் அப்புறம். அது தண்ணீரைப் பார்த்த வாத்தா, அலமாரிக்கென்றே பிறந்த வாத்தா என்பது அடிப்பக்கத்தில்தான் தெரியும். பல வருடங்களாக இவற்றைச் சேர்த்து வருகிறேன். விலை, காலம், செதுக்கியவர் பெயர் என்று எதில் சந்தேகம் வந்தாலும் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான். இந்த வாத்து என்ன வேலை பார்த்தது, எப்படிப் பார்த்தது?

நான் சொல்வது டெக்காய்களைப் பற்றி. வேட்டைக்காரர்கள் தண்ணீரில் மிதக்கவிடும் பொய் வாத்துகள். மேலே பறந்து போகும் கூட்டம், கீழே தன் இனம் நிம்மதியாக மேய்கிறது என்று நம்பி இறங்கும், இறங்கும்போது சுடுவார்கள். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் இவற்றைப் பெரும்பாலும் மரத்தில்தான் செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வாத்து வந்ததும் மரத்துக்கு வேலை போய்விட்டது. படகுக் கொட்டகையிலும் பரணிலும் போட்டுவைத்தவைதான் இப்போது சந்தைக்கும் ஏலத்துக்கும் வருகின்றன.

நான் வேட்டையாடுபவன் இல்லை, சைவம் வேறு. "உயிரை ஏமாற்றிக் கொல்லச் செய்த பொருளைக் கூடத்தில் அடுக்கி வைத்திருக்கிறாயே" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த ஏமாற்றுக்காக, இவற்றைச் செதுக்கிய ஒரு படகோட்டியும் ஒரு முடிதிருத்துபவரும் பறவையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்க வேண்டும் என்று யோசித்தால், எனக்கு அதை விட்டுவிட மனம் வருவதில்லை.

நான் இருப்பது மேரிலாந்தில், பால்டிமோருக்கு வடக்கே. சஸ்குவெஹானா ஆறு செசபீக் வளைகுடாவில் கலக்கும் இடத்தில் ஹாவர் டி கிரேஸ் என்று ஒரு சின்ன ஊர். டெக்காய்களின் உலகத் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும். அதைக் கேட்டுச் சிரிக்கலாம், ஆனால் ஆற்றங்கரையில் இருக்கும் டெக்காய் அருங்காட்சியகத்துக்குள் போய் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். இந்த விஷயத்தில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு என் முதல் ஆலோசனை, வாங்குவதற்கு முன் இந்த மாதிரி ஓர் இடத்தில் போய் நிற்பது. படத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டால் வாத்தின் ஒரு பக்கம்தான் தெரியும்.

ஆறு வளைகுடாவோடு சேரும் அந்த முகத்தில் ஆழமில்லாத பரந்த நீர்வெளி ஒன்று உண்டு. சஸ்குவெஹானா ஃப்ளாட்ஸ் என்பார்கள். அதன் அடியில் வளர்ந்த நீர்ப்புல்லைத் தின்ன குளிர்காலத்தில் கேன்வாஸ்பேக் வாத்துகள் பெருங்கூட்டமாக வந்து இறங்கின. ஆணுக்குச் செம்பழுப்புத் தலை, கருப்பு மார்பு, வெள்ளை முதுகு. அந்தப் புல்லைத் தின்பதால் அதன் இறைச்சிக்குத் தனி ருசி என்று பெயர். பால்டிமோர் உணவு விடுதிகளில் நல்ல விலை போனதால், சந்தைக்காகவே சுடுவது ஒரு தொழிலாகிவிட்டது. அதற்குக் கண்டுபிடித்த ஏற்பாடு சிங்க்பாக்ஸ். ஓர் ஆள் மல்லாந்து படுக்கும் அளவுக்கு ஒரு மரப்பெட்டி, சுற்றிலும் மிதக்கும் சட்டங்கள். பெட்டி நீர்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருக்கும், ஆள் அதற்குள் படுத்திருப்பார். அவரைச் சுற்றி இருநூறு, முந்நூறு, சில சமயம் அதற்கும் மேல் மர வாத்துகள் மிதக்கும். 1918இல் வந்த புலம்பெயர் பறவைகள் சட்டம் காட்டு வாத்துகளை விற்பதற்கு முடிவு கட்டியது. 1935இல் சிங்க்பாக்ஸையும், உயிருள்ள வாத்துகளைக் கட்டிப்போட்டு அழைப்பதையும் தடை செய்தார்கள். 1972இல் ஆக்னஸ் புயல் கொண்டுவந்த வெள்ளமும் சேறும் நீர்ப்புல்லையே மூடி அழித்தன.

இந்த வரலாறு தெரியாமல் இந்த ஊர் வாத்தைப் பார்த்தால், "இவ்வளவுதானா?" என்று தோன்றும். இறகு செதுக்கியிருக்காது. உடம்பு ஒரே கட்டை. அடி உருண்டையாக இருக்கும். பூச்சு இரண்டு மூன்று நிறங்களில் முடிந்துவிடும். ஒரு வேட்டைப் படகுக்கே நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டபோது இறகு இறகாகச் செதுக்க யாருக்கு நேரம்? எறிந்தாலும் இடித்தாலும் தாங்க வேண்டும், தூரத்திலிருந்து பார்த்தால் கேன்வாஸ்பேக் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். எளிமையாக இருந்தால் மட்டம் என்று நினைத்து இவற்றை ஒதுக்கிவிட்டு, நுணுக்கமாக இறகு வெட்டிய புது அலங்கார வாத்தைப் பழையது என்று வாங்கிப் போகிறவர்களைச் சந்தையில் அடிக்கடி பார்க்கிறேன்.

ஊருக்கு ஊர் தண்ணீர் வேறு, வாத்தும் வேறு. நியூ ஜெர்சியின் பார்னெகாட் வளைகுடாவில் ஒற்றை ஆள் சின்னப் படகில் போய்ச் சுடுவார்; சுமை குறைய வேண்டும். எனவே அங்கே வெள்ளை சிடார் மரத்தை இரண்டு பாதியாக வெட்டி, உள்ளே குடைந்து, மறுபடி ஒட்டினார்கள். டக்கர்டன் ஊர்க்காரரான ஹாரி ஷூர்ட்ஸின் வாத்தைத் தூக்கினால் கை ஏமாந்து மேலே போகும், அவ்வளவு லேசு. அடியில் நீள்சதுரமாகக் குழி வெட்டி ஈயத்தை ஊற்றியிருப்பார்கள். செசபீக்கின் மேரிலாந்துக் கரையின் தென்கோடியில் கிரிஸ்ஃபீல்ட் பக்கம் தண்ணீர் அலைமோதும். அங்கே வாத்துக்கு அகலமான தட்டை அடி, புரளாமல் நிற்பதற்காக. இல்லினாய் ஆற்று வாத்துகளுக்கு வேறு வடிவம், பூச்சில் நுணுக்கம் அதிகம். ஹென்றி என்ற ஊரில் சார்லஸ் பெர்டியூ செதுக்கியவற்றுக்கு அவர் மனைவி எட்னா வண்ணம் பூசியிருக்கிறார். இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்துவிட்டால், "பார்னெகாட் வாத்து" என்று எழுதி ஒட்டிய கனத்த உருண்டை அடிக் கட்டையைப் பார்த்ததும் உங்களுக்கே உறுத்தும்.

அதனால்தான் ஒரு வட்டாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நாடு முழுவதிலிருந்தும் ஒவ்வொன்று என்று ஆரம்பித்தால் எதையும் ஆழமாகப் பார்க்க முடியாது. ஒரே ஆற்று முகத்தின் வாத்துகளை நூற்றுக்கணக்கில் தொட்டுப் பார்த்தவனுக்கு, தப்பான ஒன்று வந்தால் பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் கை கண்டுபிடித்துவிடும்.

சரி, அடிக்கு வருவோம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஹாவர் டி கிரேஸில் படகும் வேட்டையுமாக வாழ்ந்து முடித்த ஒரு பெரியவர். வாத்தைக் கையில் கொடுத்தால் கண்ணாடியைக்கூடப் போட மாட்டார். முதலில் ஒரு கயிறு கேட்பார். அடியில் மார்புப் பக்கம் இருக்கும் வளையத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டி, வேட்டை முடிந்து திரும்பும்போது எப்படிச் சுற்றுவார்களோ அப்படி உடம்பிலும் கழுத்திலும் சுற்றிக் காட்டுவார். கயிறு போகிற வழியெல்லாம் பூச்சு தேய்ந்திருக்கிறதா? குளிரில் மரத்துப்போன கையால் தலையைப் பிடித்துத் தூக்கியிருப்பார்களே, உச்சந்தலையும் கன்னமும் தேய்ந்திருக்கின்றனவா? படகில் ஒன்றன்மேல் ஒன்றாக எறிந்ததில் அலகு நுனியும் வாலும் அடிபட்டிருக்கின்றனவா? தேய்மானம் வேலையோடு ஒத்துப்போனால் அது உண்மை. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் 'பழசாக்கிய' வாத்தில் தேய்மானம் எங்கும் ஒரே சீராக இருக்கும். அல்லது கண்ணுக்கு அழகாகத் தெரிகிற இடத்தில் மட்டும் இருக்கும். அலகின் அடிப்பக்கம் போன்ற மறைவிடங்களில் தேய வேண்டிய அவசியமே இல்லை. அங்கேயும் தேய்ந்திருந்தால் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

அடுத்தது பாரம். வாத்து நிமிர்ந்து மிதக்க அடியில் ஈயத்தையோ இரும்பையோ ஆணியடித்து வைப்பார்கள். அதைச் சுற்றியுள்ள மரத்தின் நிறத்தைப் பாருங்கள். பாரம் எடுக்கப்பட்டிருந்தால் இருந்த இடம் வெளிறிய நிழலாகத் தெரியும், ஆணி ஓட்டைகளில் துருக்கறை இருக்கும். பாரம் மாறியிருப்பது குற்றமில்லை. பல வேட்டைக்காரர்கள் தங்கள் தண்ணீருக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள். ஆனால் பாரமும் இல்லை, வளையமும் இல்லை, அவை இருந்த தழும்பும் இல்லை என்றால் அந்த வாத்து மிதந்ததே இல்லை. அடியில் பச்சை வெல்வெட் துணி ஒட்டியிருந்தால் அநேகமாக வரவேற்பறைக்காகச் செய்தது. துணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கும்வரை பணத்தை எடுக்க வேண்டாம். திருகாணியின் தலையில் கூட்டல் குறி போன்ற வெட்டு இருந்தால், அந்த வகை 1930களுக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது என்பதை நினைவில் வையுங்கள். 1890ஆம் ஆண்டு வாத்தில் அது இருந்தால் பின்னால் செய்த பழுதாகவும் இருக்கலாம், மோசடியாகவும் இருக்கலாம். விற்பவரிடம் கேளுங்கள், பதில் வருகிற விதமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

சில வாத்துகளின் அடியில் சூட்டுக்குறி இருக்கும். படகின் பெயர், வேட்டைக் கழகத்தின் பெயர், உரிமையாளரின் முதலெழுத்துகள். பல பேருடைய வாத்துகள் ஒரே தண்ணீரில் கலந்துவிடும் என்பதால் போட்ட அடையாளம் அது. செதுக்கியவரின் பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் வாங்கியவரின் பெயர்தான். எந்தக் குறி எந்தக் கழகத்துடையது என்று தெரிந்தால் வாத்தின் பாதி வாழ்க்கை கிடைத்துவிடும், விலையும் கூடும். கூடுவதால் புதிதாகச் சுட்டுவைப்பவர்களும் உண்டு. எழுத்தின் பள்ளத்துக்குள் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பழைய குறிக்குள் பூச்சும் அழுக்கும் படிந்து, விளிம்பு மழுங்கியிருக்கும். புதியதில் கரி கரியாகவே இருக்கும்.

பூச்சு விஷயத்தில்தான் பணம் அதிகம் போகும், சண்டையும் அதிகம் வரும். மூலப் பூச்சு நன்றாக இருக்கும் வாத்தும், அதே கை செதுக்கி, பின்னால் யாரோ பூசிய வாத்தும் விலையில் பல மடங்கு வேறுபடும். ஆனால் மறுபூச்சு எல்லாம் ஒன்றல்ல. வேட்டைக்காரன் சில பருவங்களுக்கு ஒருமுறை தன் வாத்துகளைப் படகுப் பெயின்ட்டால் புதுப்பித்தான். அது அந்தப் பொருளின் வேலையில் ஒரு பகுதி. எனக்கு அப்படிப்பட்ட வாத்துகள் மிகவும் பிடிக்கும். விலையும் என் கைக்கு எட்டும். பூச்சு உதிர்ந்த இடங்களில் அடுக்கு அடுக்காக உள்நிறங்கள் தெரியும். சில சமயம் இனமே மாறியிருக்கும். ஒரு வருடம் ரெட்ஹெட் தேவையில்லை, கேன்வாஸ்பேக் வேண்டும் என்றால் முதுகில் வெள்ளையடித்துவிடுவார்கள், வேலை முடிந்தது. ஆனால் தலை காட்டிக்கொடுத்துவிடும். கேன்வாஸ்பேக்குக்கு நெற்றியும் அலகும் ஒரே சரிவாக இறங்கும். ரெட்ஹெட்டுக்குத் தலை உருண்டை. வண்ணம் ஒன்று சொல்லி, வடிவம் இன்னொன்று சொன்னால் வடிவத்தை நம்புங்கள்.

தவிர்க்க வேண்டியது, சமீபத்தில் பூசிவிட்டு மூலப் பூச்சு என்று விற்பது. இதற்கு விரிசல்தான் நல்ல சாட்சி. மரம் காய்ந்து வெடிக்கும்போது பூச்சும் சேர்ந்து பிளக்கும். விரிசலுக்குள் வெறும் மரமும் பழைய அழுக்கும்தான் இருக்க வேண்டும். பூச்சு விரிசலுக்குள் இறங்கியிருந்தால் விரிசல் முந்தியது, பூச்சு பிந்தியது. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, நல்ல வெளிச்சம் போதும்.

கருவி என்று ஒன்று வேண்டுமென்றால், யூவி (புற ஊதா ஒளி) டார்ச். அதிக விலை இல்லை. இருட்டில் அடித்தால் பழைய பூச்சும் பிற்காலத்தில் தொட்டுப் பூசியதும் வேறு வேறு விதமாகத் தெரியும். ஒட்டிய கழுத்து, புதிதாக வைத்த அலகு, மக்கு (ஓட்டை அடைக்கும் புட்டி) வைத்து அடைத்த வால் நுனி எல்லாம் திட்டுத் திட்டாக வெளியே வரும். ஒருமுறை பொது ஏலக்கூடம் ஒன்றில் முன்பார்வைக்குப் போயிருந்தேன். '1920கள், மூலப் பூச்சு' என்று சீட்டு ஒட்டியிருந்த பின்டெயில். (ஊசிவால் வாத்து என்று வேடந்தாங்கலில் பார்ப்போமே, அதே இனம்தான்.) விளக்கை அணைக்க முடியாது என்றார்கள். அங்கே கிடந்த பெரிய அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, வாத்தோடும் டார்ச்சோடும் என் தலையையும் அதற்குள் நுழைத்தேன். சுற்றியிருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போல ஒரு திட்டு. தலை உடைந்து ஒட்டப்பட்டு, மார்பு வரை புதுப்பூச்சு. ஊழியரிடம் காட்டினேன், தலையாட்டினார், சீட்டு மட்டும் மாறவில்லை. மறுநாள் நல்ல விலைக்கே போனது.

பழுது பார்த்த வாத்தை வாங்கவே கூடாது என்பதல்ல. சொல்லி விற்றால் வாங்கலாம், விலை அதற்கேற்ப இறங்க வேண்டும். டெக்காய்களில் மட்டும் கவனம் வைக்கும் ஏல நிறுவனங்கள் நிலையறிக்கையை எழுத்தில் தருகின்றன, தவறாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனைகளும் உண்டு. பொது ஏலக்கூடங்களில் 'இருக்கிறபடி' என்றுதான் விற்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு கண்ணும் கையும்தான் துணை. ஏல விலையோடு முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். வாங்குபவர் கட்டணம் பெரும்பாலும் 20 சதவீதத்தை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். மேரிலாந்தில் அதன்மேல் 6 சதவீத விற்பனை வரி. கையை உயர்த்துவதற்கு முன் இதையெல்லாம் சேர்த்து ஓர் எண்ணைச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வேன்.

இனி பெயர்களைப் பற்றி. இந்த ஊரின் பெரிய பெயர் மேடிசன் மிட்செல், 1901 முதல் 1993 வரை வாழ்ந்தவர். தொழில் சவ அடக்க ஏற்பாடு. பகலில் அது, மிச்ச நேரத்தில் அதே வளாகத்தின் பின்னால் இருந்த பட்டறையில் வாத்து. சாம் பார்ன்ஸ் என்பவரிடம் கற்றுக்கொண்டார். உடம்பை நகலெடுக்கும் லேத்தில் கடைந்து, அப்புறம் கையால் இழைத்து, தலையைத் தனியாகச் செதுக்கிப் பொருத்துவார். லேத் என்று கேட்டதும் முகம் சுளிக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. நூற்றுக்கணக்கில் ஆர்டர் வந்த மனிதர் வேறு என்ன செய்வார்? கழுத்து வளைவும் தூரிகையும் அவருடையவைதானே. அவர் பட்டறையில் வேலை கற்றவர்களும், அவர்களிடம் கற்றவர்களும் இந்த ஊரில் தொடர்ந்து செதுக்கியிருக்கிறார்கள். ஆகவே பார்த்தவுடன் "மிட்செல்" என்று சொல்வதற்கு முன் தயங்க வேண்டும். அதே வடிவச் சட்டம், அதே நிறம், கை மட்டும் வேறாக இருக்கலாம்.

கிரிஸ்ஃபீல்டில் லெம் வார்ட், ஸ்டீவ் வார்ட் சகோதரர்கள். இருவரும் முடிதிருத்துபவர்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு முடி வெட்டிவிட்டு, வாத்தும் செய்து விற்றார்கள். முதலில் வேட்டைக்கு, பிற்காலத்தில் பார்வைக்கு மட்டும் வைக்கும் அலங்காரப் பறவைகளுக்கு என்று போனார்கள். ஒரே கையின் வேலை தொழிற்கருவியிலிருந்து சிற்பமாக மாறியதைப் பார்க்க வேண்டுமென்றால் இவர்களுடைய 1930களின் வாத்தையும் 1960களின் வாத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். நான் 1930களின் பக்கம். வாங்குகிற வசதி இல்லை, அருங்காட்சியகத்தில் பார்க்கிறேன்.

கையெழுத்தை நம்பி விலை கொடுப்பதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வேட்டை வாத்து செய்தவர்கள் பெரும்பாலும் அன்று கையெழுத்துப் போடவில்லை; அது கட்டை, யார் போடுவார்கள்? சேகரிப்பு மோகம் வந்த பிறகு, முதுமையில் இருந்த செதுக்குநர்களிடம் ஆட்கள் பழைய வாத்தைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவர் நினைவிலிருந்து ஒரு வருடத்தையும் எழுதியிருப்பார். ஆகவே கையெழுத்து உண்மையாகவே இருந்தாலும் வருடம் சரியாக இருக்க வேண்டியதில்லை. கழுத்து பொருத்திய விதம், அடியில் அரத்தின் தடம், பாரத்தின் வகை ஆகியவை சொல்லும் காலத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன்.

ஆரம்பிப்பவர்களுக்குத் தொழிற்சாலை வாத்துகளையும் பரிந்துரைப்பேன். டெட்ராய்ட்டின் மேசன் நிறுவனம் 1896 முதல் 1924 வரை செய்து நாடு முழுக்க அனுப்பியது. பிரீமியர், சேலஞ்ச், அப்புறம் சாதாரண ரகம் என்று தரம் பிரித்திருந்தார்கள். சாதாரண ரகத்திலேயே கண்ணாடிக் கண், ஆணித்தலைக் கண், வெறும் பூச்சுக் கண் என்று உட்பிரிவுகள். மார்பில் சுழித்துச் சுழித்துப் பூசிய தூரிகைத் தடத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. கழுத்தும் உடம்பும் சேருமிடத்தில் மக்கு வைத்திருப்பார்கள். அது காலப்போக்கில் உதிர்ந்துவிடும். உதிர்ந்திருப்பது இயல்பு, வழவழவென்று முழுதாக இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே மாதிரி நிறைய கிடைப்பதால் ஒப்பிட்டுக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

விலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது எல்மர் குரோவெல் கதையை எடுப்பார்கள். மாசசூசெட்ஸின் கேப் காட்டில் 1862இல் பிறந்து 1952 வரை இருந்த செதுக்குநர். 2007இல் அவருடைய இரண்டு டெக்காய்கள், இறகு கோதும் பின்டெயில் ஒன்றும் தூங்கும் கனடா வாத்து ஒன்றும், தலா 11.3 லட்சம் டாலருக்கு விற்றன. உண்மைதான். அதனால் தாத்தா கொட்டகையில் கிடக்கும் ஒவ்வொரு கட்டையும் லட்சம் என்று நினைக்கும் வாரிசுகளிடம் பேரம் பேசுவது பெரும்பாடு. என் அனுபவத்தில் மிட்செல்லின் சாதாரண வாத்துகள் இப்போது நூறிலிருந்து முந்நூறு டாலருக்குள் கிடைத்துவிடுகின்றன. சேகரித்த தலைமுறை வயதாகித் தன் சேகரிப்பை வெளியே விடுகிறது; அடுத்த தலைமுறைக்கு அவ்வளவு ஆர்வமில்லை. முதலீடு என்று நினைத்து வருகிறவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. பிடித்து வாங்குகிறவர்களுக்கு இது நல்ல காலம்.

எங்கே வாங்குவது? மே மாதத் தொடக்கத்தில் ஹாவர் டி கிரேஸில் நடக்கும் டெக்காய் திருவிழா, நவம்பரில் ஈஸ்டன் ஊரில் 1971 முதல் நடந்துவரும் நீர்ப்பறவைத் திருவிழா இரண்டும் எனக்குப் பழக்கம். திருவிழாவின் முதல் சுற்றில் எதையும் வாங்க மாட்டேன், தொட்டுப் பார்த்துக் கேள்வி மட்டும் கேட்பேன். கேட்டால் சொல்வார்கள், இந்த உலகத்தில் பெருமையடிக்கிறவர்கள் அதிகம், அது நமக்கு நல்லதுதான். மற்றபடி, வயதானவர் இறந்த வீடுகளில் நடக்கும் சாமான் விற்பனைகள். அங்கே வாத்தை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய நங்கூரப் பாரங்கள், கயிற்றுச் சுருள், படகு உரிமம் எல்லாம் சேர்ந்து கிடந்தால் அந்த வாத்து அங்கே உழைத்திருக்கிறது. அந்தச் சில்லறைச் சாமான்களையும் சேர்த்தே வாங்கிவிடுவேன், விற்பவர் இனாமாகக்கூடக் கொடுப்பார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாததுதான் அதிகம். எண்ணெய் தடவாதீர்கள், மெழுகு போடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். மேலே இருக்கும் மறுபூச்சைச் சுரண்டினால் அடியில் மூலப் பூச்சு கிடைக்கும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அது பயிற்சி பெற்றவர்களின் வேலை, சமையல் கத்தி வைத்துச் செய்கிற காரியமல்ல. ஜன்னல் வெயிலும் ஹீட்டர் காற்றும் படாத இடத்தில் வையுங்கள். இங்குள்ள குளிர்காலத்தில் வீட்டுக் காற்று வறண்டு மரம் வெடிக்கும். பழைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொட்டபின் கை கழுவ வேண்டும், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் உயரத்தில்தான் இடம். எங்கள் வீட்டில் நவராத்திரிக்குக் கொலுப் படிக்குக் கீழே பார்க் போட்டு, கண்ணாடியைக் குளமாக்கி, வாத்து விட வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. பழையவற்றில் கை வைக்க விடவில்லை. திருவிழாவில் இப்போதுள்ள ஒரு செதுக்குநரிடம் உள்ளங்கை அளவில் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். கொலுவுக்கு வருகிறவர்கள் என் அலமாரியை விட்டுவிட்டு அந்த இரண்டையும்தான் விசாரிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் மூத்த வாத்து ஒன்று உண்டு. 1924இல் நெவாடாவில் லவ்லாக் என்ற குகையைத் தோண்டியபோது கோரையால் முடைந்த டெக்காய்கள் கிடைத்தன. ஏறக்குறைய 2,000 வருடங்களுக்கு முந்தியவை. கோரை உடம்பின்மேல் வண்ணம் பூசி, இறகும் செருகியிருக்கிறார்கள். அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் செய்தவை. அவற்றிலும் கேன்வாஸ்பேக்தான், நெற்றியின் அந்தச் சரிவு அப்படியே இருக்கிறது.

ஒவ்வொரு வாத்துக்கும் ஒரு அட்டை எழுதி வையுங்கள். எங்கே, யாரிடம், எவ்வளவுக்கு, விற்பவர் சொன்ன கதை, நீங்கள் பார்த்த பழுது. அடியையும் சேர்த்துப் படம் எடுங்கள். வாத்தின் மேலேயே பேனாவால் எண் போடுகிற வழக்கம் சிலருக்கு உண்டு, எனக்கு உடன்பாடில்லை. விற்கும்போது அந்த அட்டையை அப்படியே கொடுத்துவிடுகிறேன், பழுது எழுதிய வரியோடு. சில சமயம் அதனால் விலை குறைகிறது, ஆனால் வாங்கியவர் திரும்ப வருகிறார்.

இப்போது நான் தேடுவது மரமே இல்லை. சிங்க்பாக்ஸை நீர்மட்டத்துக்கு அமிழ்த்த அதன் சட்டங்களின்மேல் வைத்த வார்ப்பிரும்பு வாத்து. ஒவ்வொன்றும் பத்துக் கிலோவை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். 1935 தடைக்குப் பிறகு வேலையிழந்து, கதவுக்கு முட்டுக் கொடுத்தும் படகுக்கு நங்கூரமாகவும் பிழைத்தது. போலியாக வார்த்தவை நிறைய வருகின்றன. துருவை ஒரு வாரத்தில் வரவழைத்துவிடலாம், பல பருவங்களின் பூச்சு அடுக்குகளை வரவழைப்பது கஷ்டம். போன திருவிழாவில் ஒன்று பார்த்தேன். பூச்சு சரியாக இருந்தது, அடியும் சரியாக இருந்தது, விலைதான் சரியாக இல்லை. மே மாதம் மறுபடி போகிறேன். அந்த ஆள் அதை இன்னும் விற்கவில்லை என்று கேள்வி.